வேளா மீனும் சுறவுக் கோடும்

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் குடியிருப்பைக் காட்டும் பகுதி தமிழ் படித்தோர் பலரும் அறிந்ததே. தாழ்ந்த கூரைகளில் நெடிய தூண்டிற்கோல்கள் சாய்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. அக்காட்சி, வேலும் கேடயமும் சூழ நிற்கும் நடுகல்லின் அரணைப் புலவருக்கு நினைவூட்டுகிறது. வெண்மணல் முற்றத்தில் உலரும் கரிய வலைகள் நிலவொளியின் நடுவே தங்கிய இருளாகத் தோன்றுகின்றன. அன்று முழுமதி நாள். பரதவர் கடல்மேற் செல்லவில்லை. வெண்கூதாள மாலை சூடி, சினைகொண்ட சுறாவின் கோட்டை மணலில் நட்டு, அதன்கண் உறையும் தெய்வத்தை வணங்குகின்றனர். பின்னர்த் தாழம்பூச் சூடிப் பனங்கள் அருந்தி, உண்டும் ஆடியும் மகிழ்கின்றனர்.

இப்பகுதியைக் கற்கும் மாணவருக்கு ஓர் ஐயம் எழுவது இயல்பு. சுறாவுக்குக் கோடு ஏது? கோடு என்பது கொம்பு. மான் கோடும் யானைக் கோடும் யாவரும் அறிந்தவை. மீன் அங்காடியில் கிடக்கும் எந்தச் சுறாவின் தலையிலும் கொம்பு இருப்பதில்லை. உரைநூலைப் புரட்டினால் ‘சுறாமீனின் கொம்பு’ என்ற விளக்கமே கிடைக்கும். ஆசிரியர் பொருள் சொல்லி அடுத்த அடிக்குச் சென்றுவிடுவார். ஆங்கிலத்தில் அதைச் சுறாவின் கொம்பு என்றே மொழிபெயர்த்தால், படிக்கும் அயலார் அதைப் புலவரின் கற்பனை என்றே எண்ணக்கூடும்.

அது கற்பனையன்று. அந்தக் கோட்டை உடைய மீன் ஒன்று உண்டு. தமிழ்க் கடற்கரையில் அதன் பெயர் வேளா. வேளா மீன் என்றும் வேளாச் சுறா என்றும் மீனவர் அதனைக் குறிப்பர். ஒரு காலத்தில் ஆற்றுமுகந்தோறும் திரிந்த அப்பெருமீன், இன்று உலகக் கடல்களில் அழிவுக்கு மிக அருகில் நிற்கும் மீன்களுள் ஒன்று. அதன் வரலாற்றில் மீண்டும் மீண்டும் காணப்படும் செய்தி ஒன்றே. மனிதர் கோட்டைப் போற்றிக் காத்தனர்; கோட்டையுடைய மீனை அறிய முற்படவில்லை.

மீனின் இயல்பு

வேளா உருவத்தில் சுறாவை ஒத்தது. நீண்ட உடல், நிமிர்ந்த முதுகுத் துடுப்புகள், வலிய வால் ஆகியவற்றைக் காண்போர் அதனைச் சுறா என்றே கொள்வர். ஆயின் உயிரியல் முறைப்படி அது திருக்கை வகையைச் சேர்ந்தது. சுறாக்களின் செவுள் பிளவுகள் பக்கங்களில் அமைந்திருக்கும். வேளாவுக்கோ அவை திருக்கைகளைப்போல உடலின் அடிப்பக்கத்தில் உள்ளன. எலும்புக்கூடு முழுவதும் குருத்தெலும்பாலானது. தோல் சொரசொரப்பானது. சுறாவும் திருக்கையும் குருத்தெலும்பு மீன்கள் ஆதலின் அவை நெருங்கிய உறவுடையவையே. எனவே சுறா என்று அழைத்த பழந்தமிழர் பெரிதும் பிழைபட்டவர் அல்லர்.

தலைக்கு முன்னே தட்டையாக நீண்டிருக்கும் அலகே கோடு. அதன் இரு விளிம்பிலும் கூரிய பற்கள் வரிசையாக நிற்கும். இரு பக்கமும் பல்வைத்த வாள் என்று சொன்னால் அதன் தோற்றம் விளங்கும். இவை வாய்க்குள் முளைக்கும் பற்களைப் போன்றவை அல்ல. தோலின் செதில்களே காலப்போக்கில் பெருத்துக் குழிகளில் ஊன்றிப் பல்லுருக் கொண்டவை. பெரும்பல் வேளாவுக்கு ஒவ்வொரு பக்கத்திலும் 14 முதல் 24 வரை இத்தகைய பற்கள் உண்டு. தேயத் தேய அவை அடியிலிருந்து வளரும். வேரோடு பெயர்ந்துவிட்டால் மீண்டும் முளைப்பதில்லை.

உலகில் வாழும் வேளா இனங்கள் 5. அவற்றுள் பெரும்பல் வேளா, பச்சை வேளா, ஒடுங்கிய வேளா ஆகிய மூன்றும் இந்தியக் கடல்களில் வாழ்ந்தவை எனத் தெளிவாக அறியப்பட்டவை. பெரும்பல் வேளா 6 மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. ஒடுங்கிய வேளா அதனினும் சிறியது. இவை ஆழ்கடலில் மறைந்து வாழ்பவை அல்ல. கழிமுகம், உப்பங்கழி, அலையாத்திக் காடு, சேற்றுத் தரை, கரையோர ஆழமற்ற நீர் ஆகியவையே இவற்றின் இடம். பெரும்பல் வேளா ஆற்றின் நன்னீரிலும் நெடுந்தொலைவு ஏறும். பழந்தமிழர் வகுத்த நெய்தல் நிலத்தின் எல்லைக்குள்ளேயே இம்மீனின் வாழ்வும் அடங்கிவிடுகிறது எனலாம்.

வேளா முட்டையிடுவதில்லை, குட்டி ஈனும். கருவிலேயே குட்டிக்கு வாள் முளைத்துவிடும். ஆயினும் பிறக்கும் வரை அது வளையும் தன்மையுடையதாய், பற்களின்மேல் ஓர் உறை போர்த்தியதாய் இருக்கும். தாயின் வயிறு கிழியாமல் காக்க இயற்கை வகுத்த ஏற்பாடு அது. பிறந்த சில நாட்களில் உறை கழன்றுவிடும். ஈனும் பருவத்தில் தாய்மீன் கழிமுகத்தை நாடி வருகிறது. குட்டிகள் தம் முதல் ஆண்டுகளை அங்கேயே கழிக்கின்றன.

இச்செய்தியோடு பட்டினப்பாலையை மீண்டும் நோக்கினால் புலவரின் சொல் புதிய பொருள் கொள்கிறது. அவர் வெறுமனே சுறாவின் கோடு என்னாமல் சினைகொண்ட சுறாவின் கோடு என்றார். காவிரி கடலொடு கலக்கும் இடத்தில் வாழ்ந்த பரதவர் வலையில், ஈனுவதற்காகக் கரையை நாடி வந்த தாய்மீனே சிக்கியிருத்தல் பெரிதும் இயலும். வழிபாட்டுக்குரியதாக அதனைத் தேர்ந்தமைக்கு வளமை வேண்டும் கருத்தும் காரணமாகலாம். எங்ஙனமாயினும், அந்த ஒற்றை அடைமொழி கழிமுகத்தின் உண்மை நடப்போடு பொருந்தி நிற்கிறது.

சுறா என்னும் பெயர்

சங்க நூல்களில் சுறா என்னும் சொல் பலவிடத்தும் வருகிறது. எல்லா இடத்திலும் அது வேளாவையே குறித்தது என்று கொள்ளுதல் பொருந்தாது. குறுந்தொகை 269ஆம் பாட்டில் ஒரு பரதவ மகள் தன் வீட்டு நிலையைச் சொல்கிறாள். வலிய சுறா தாக்கியதால் உண்டான புண் ஆறியதும் தந்தை மீண்டும் நீலக்கடலுக்குச் சென்றுவிட்டான். உப்பை விற்று நெல் கொண்டுவரத் தாய் உப்புவயலுக்குப் போய்விட்டாள். தலைவன் வருதற்கு ஏற்ற பொழுது இது என்பது அவள் குறிப்பு. காதற் பாட்டின் ஓரத்தில் ஒரு மீனவக் குடியின் இடர் முழுதும் இவ்வாறு சொல்லப்பட்டுவிடுகிறது. புண் ஆறியவன் அதே கடலுக்கே திரும்ப வேண்டியிருந்தது. அவனைத் தாக்கியது வாயாற் கடிக்கும் சுறாவா, வாளால் வெட்டும் வேளாவா என்பதைப் பாட்டு பிரித்துச் சொல்லவில்லை. ஆனால் கோடு, மருப்பு என்னும் சொற்கள் சுறாவோடு சேர்ந்து வரும் இடங்களில் ஐயத்துக்கு இடமில்லை. சுறா எனத்தக்க உடலும், கோடு எனத்தக்க உறுப்பும் ஒருங்கே உடையது கழிமுகத்தில் வேளா ஒன்றே.

பிற்காலத்தில் வடமொழி மகரம் தமிழில் சுறவம் ஆயிற்று. காமனின் மகரக்கொடி சுறவக்கொடி எனப்பட்டது. மகர ராசி சுறவம் எனப்பட்டது. தனித்தமிழ் மாதப்பெயர் வழங்குவோர் தைத் திங்களை இன்றும் சுறவம் என்றே எழுதுகின்றனர். திருவிளையாடற் புராணத்து வலைவீசிய படலத்தில் நந்தியே பெருஞ்சுறாவாகிக் கடலைக் கலக்க, இறைவன் வலைஞனாக வந்து அதனைப் பிடிக்கிறான். சிற்பங்களில் மகரம் துதிக்கையும் முதலை வாயும் கொண்ட வேறோர் உருவம் எடுத்தது. கொடியாகவும் ராசியாகவும் திங்களாகவும் சொல் உயர்ந்துகொண்டே போக, கடலில் இருந்த மீன் அதனின்று விலகிக்கொண்டே போயிற்று.

ஊசலும் ஓர் ஆய்வும்

கலித்தொகையின் நெய்தற்கலியில் 131ஆம் பாட்டு ஓர் ஊசலைக் காட்டுகிறது. தாழையின் தொங்கும் விழுதில் அமைந்த ஊசல் அது. அதில் கோக்கப்பட்ட பொருள் சுறாவின் வெண்மையான மருப்பு. நெய்தலின் நீண்ட நாரால் அதனைப் பிணித்திருக்கிறார்கள். சுற்றிலும் வண்டுகள் யாழிசைபோல் ஒலிக்கின்றன. தலைவியை அவ்வூசலில் ஆடுமாறு தோழி அழைக்கிறாள். பட்டினப்பாலையில் தெய்வம் உறையும் பொருளாக நின்ற கோடு, இங்கே இளமகளிர் விளையாட்டுக்கு உரியதாகிறது. இரு பாட்டையும் சேர்த்து நோக்கும்போது, அக்கோடு பரதவர் மனைகளில் அரிதாக அன்றிப் புழங்கிய பொருளாகவே இருந்தது என்று ஊகிக்கலாம்.

இங்கே உற்றுநோக்கத் தக்கது, அம்மீனைப் பாட்டு அறிமுகம் செய்யும் முறை. கூட்டமாகத் திரியும் மீன்களைத் தாக்கி, அவற்றின் வலிமை கெடும்படி வென்ற சினமிக்க மீன் அது என்கிறது. அதன் செயலை எறிதல் என்னும் வினையால் சுட்டுகிறது. எறிதல் என்றால் வெட்டுதல், வீசி அடித்தல். வாள் எறிதல் என்பதும் அப்பொருளதே.

இம்மீன் தன் வாளை எதற்குப் பயன்படுத்துகிறது என்ற கேள்விக்கு மேலை அறிவியலில் நெடுங்காலம் தெளிவான விடை இல்லை. பழைய ஐரோப்பியக் கதைகள் அது திமிங்கிலத்தை அறுக்கும் என்றன. பின்வந்தோர் பலர், கடலடிச் சேற்றைக் கிளறி இரை தேடும் கருவி அது என்று கருதினர். 2012இல் ஆஸ்திரேலியாவில் பார்பரா வுரிங்கர் என்பாரும் உடன் ஆய்ந்தோரும் தொட்டியில் வளர்த்த வேளாக்களை நோக்கித் தம் முடிவுகளை வெளியிட்டனர். அவர்கள் கண்டது இது: வேளா நீரின் நடுவே நீந்தும் மீனை வாளின் பக்கவாட்டு வீச்சால் அடிக்கிறது, அவ்வீச்சு சிற்றிரையை இரு துண்டாக்கவும் வல்லது, வீழ்ந்த இரையை வாளால் தரையோடு அழுத்திப் பிடித்துப் பின் விழுங்குகிறது. மேலும், உயிரினங்களின் உடலைச் சூழும் மிக நுண்ணிய மின்புலத்தை உணரும் துளைகள் அவ்வாள் முழுவதும் பரவியுள்ளன. கலங்கிய கழிநீரில் கண் காணாத இரையை வாள் கண்டுகொள்கிறது. ஆகவே அது படைக்கலமும் புலனுறுப்பும் ஒன்றான உறுப்பு.

கலித்தொகைப் புலவர் மின்புலத்தை அறிந்திருக்கவில்லை. அதை அவர்மேல் ஏற்றிச் சொல்வது முறையும் ஆகாது. ஆயினும் மீன்கூட்டத்தின் நடுவே வாள் வீசப்படுவதை அக்கரையில் எவரோ கண்டிருக்கிறார். கண்டதற்கு உரிய வினைச்சொல் பாட்டில் ஏறியிருக்கிறது. பழைய பாட்டில் எல்லா அறிவியலும் உண்டு என்று பெருமை பேசுதல் வேறு. ஒரு சொல் சரியாகக் கண்டு சொல்லப்பட்டது என்று அறிதல் வேறு. இரண்டாவதே இலக்கியத்துக்கு உண்மையான பெருமை.

1889ஆம் ஆண்டு

மேலை நூல்களில் இம்மீனின் வரலாறு பெரும்பாலும் வாளின் வரலாறாகவே நடந்தது. 1758இல் லின்னேயசு தம் உயிரினப் பட்டியலில் இதனையும் சுறா இனத்தோடு சேர்த்தே பதிந்தார். தமிழ்ப் பரதவரும் சுவீடன் நாட்டு அறிஞரும் தோற்றத்தைக் கொண்டு ஒரே முடிவுக்கு வந்தது வியப்பன்று. 1794இல் பறவையியலில் பெயர்பெற்ற ஆங்கிலேயர் ஜான் லேத்தம் வேளா வகைகளைப் பற்றித் தனிக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். ஒடுங்கிய வேளாவுக்கு இன்றும் வழங்கும் சிற்றினப் பெயரை இட்டவர் அவரே. அவர் வகைகளைப் பிரித்தது பெரும்பாலும் வாள்களின் வடிவையும் பற்களின் எண்ணிக்கையையும் கொண்டே.

அது அவருக்கு மட்டும் உரிய குறையன்று. 6 மீட்டர் மீனைக் கெடாமல் கப்பலில் ஏற்றிச் செல்லவோ அருங்காட்சியகத்தில் வைக்கவோ எளிதன்று. வாளை அறுத்துக் காயவைத்தால் போதும், நூறாண்டுக்கும் கெடாது. இவ்வாறு மாலுமிகளும் வணிகரும் கொண்டுசென்ற வாள்கள் உலக அருங்காட்சியகங்களில் குவிந்தன. அவற்றுள் பலவற்றுக்கு எந்தக் கடலில், எப்போது பிடிபட்டது என்ற குறிப்பே இல்லை. விளைவாகப் பெயர்க்குழப்பம் இரண்டு நூற்றாண்டு நீடித்தது. மூன்று தனி இனங்களாகக் கருதப்பட்டவை உண்மையில் பெரும்பல் வேளா என்னும் ஒரே இனமே என்பது 2013இல் வெளியான மறுஆய்வுக்குப் பின்னரே ஏற்கப்பட்டது. பெயரே முடிவாகாத மீனின் வாழ்வை எவ்வாறு ஆய்வது? இம்மீன் குறைவாக ஆராயப்பட்டதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இந்திய மீன்களைப் பற்றிய பெருநூலை இயற்றியவர் சென்னை மாகாண மருத்துவப் பணியில் இருந்த பிரான்சிஸ் டே. 1875 முதல் 1878 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ‘இந்திய மீன்கள்’ என்னும் அவருடைய நூலில் வேளா இனங்களும் இடம்பெற்றன. பின்னர் ‘பிரித்தானிய இந்திய விலங்குகள்’ வரிசையில் மீன்களைப் பற்றிய இரு தொகுதிகளை எழுதினார். அவை 1889இல் இலண்டனில் வெளியாயின. அதே ஆண்டில் அவர் மறைந்தார்.

அதே 1889ஆம் ஆண்டில்தான் சென்னையில் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் முதன்முதலாக அச்சேற்றினார். அதற்கு இரண்டு ஆண்டு முன்னர், 1887இல், சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையைப் பதிப்பித்திருந்தார். ஏட்டுச்சுவடிகளில் உறங்கிய சுறவுக் கோடு அச்சுத்தாளில் ஏறிய காலமும், அக்கோட்டை உடைய மீன் அறிவியல் நூலில் முறையாக வகுக்கப்பட்ட காலமும் ஒன்றே. ஆனால் ஒரு நூல் மற்றதை அறியவில்லை. டேயின் நூலைப் பயன்படுத்தியோர் பட்டினப்பாலை படித்தவர் அல்லர். பட்டினப்பாலை கற்றோர் மீன்நூலைத் தேடியவர் அல்லர். இரண்டுக்கும் நடுவே, வேளா என்ற பெயரையும் அதன் குணத்தையும் நேரே அறிந்த மீனவர் இருந்தனர். அவரிடம் கேட்டறிந்து உரைநூலில் எழுதும் வழக்கம் அன்று வேரூன்றவில்லை. அன்று ஒரு வரி சேர்ந்திருந்தால், பின்வந்த மாணவர் தலைமுறைகள் கொம்பில்லாச் சுறாவை எண்ணி மயங்கியிரா.

கோடே பகையாதல்

வேளாவின் அழிவுக்கு முதற்காரணம் அதன் கோடே. இரையைத் தேடித்தரும் உறுப்பே உயிரைக் குடிக்கும் உறுப்பாயிற்று. வலையை உரசும்போது இருபுறப் பற்களும் கண்ணிகளில் மாட்டிக்கொள்ளும். விடுவித்துக்கொள்ளத் தலையை வீசும். வீச வீச மேலும் சிக்கும். வேறு மீனுக்காக விரித்த வலையிலும் இதுவே நேரும். வேளாவை எவரும் குறிவைத்துப் பிடிக்காத இடத்திலும் வேளா அழிந்ததன் காரணம் இதுதான்.

பருத்தி நூல் வலையும் கட்டுமரமும் இருந்த காலத்தில் ஒரு பெரிய வேளா வலையை அறுத்துக்கொண்டு தப்புவதற்கு ஓரளவு வாய்ப்பு இருந்தது. 1950களுக்குப் பின் இந்தியக் கடற்கரைகளில் இயந்திரப் படகும் நைலான் வலையும் இழுவை மடியும் பரவின. நைலான் அறுபடாது. இழுவை மடி வேளா வாழும் அதே சேற்றுத்தரையை அடியோடு அரித்துச் செல்லும். மீனவர் வாழ்வில் அம்மாற்றம் வருவாயைத் தந்தது என்பதும் மறுக்கத்தக்கதன்று. துடுப்புக்கும் வாளுக்கும் அயல்நாட்டுச் சந்தையில் கிடைத்த விலை மற்றொரு காரணம். அணைகளால் ஆற்றுநீர் வரத்துக் குறைந்ததும், அலையாத்திக் காடுகள் சுருங்கியதும் குட்டிகள் வளரும் இடத்தைப் பறித்தன.

மெல்ல வளர்ந்து, காலம் தாழ்த்திப் பருவம் எய்தி, சில குட்டிகளே ஈனும் மீன் இது. ஆயிரக்கணக்கில் முட்டையிடும் மத்தி அன்று. தாய்மீன்கள் சில குறைந்தாலும் ஈடுசெய்யப் பல ஆண்டுகள் ஆகும். முழுமதி நாளில் மணலில் நட ஒரு கோடு எடுத்தபோது கடல் அந்த இழப்பைத் தாங்கிற்று. ஆண்டு முழுதும் ஆயிரம் படகுகள் மடி இழுத்தபோது தாங்கவில்லை.

2021இல் வெளியான உலகளாவிய ஆய்வு ஒன்று, வேளா மீன்கள் வாழ்ந்த 90 நாடுகளுள் 55 நாடுகளின் கடற்கரையில் அவை மறைந்துவிட்டதாகக் கருத இடமுண்டு என்று கணித்தது. அமெரிக்காவின் புளோரிடாவும் ஆஸ்திரேலியாவின் வடகரையுமே இன்று இவற்றுக்கு எஞ்சிய உறுதியான புகலிடங்கள். அப்புளோரிடாவிலும் 2015இல் ஒரு வியப்பான செய்தி வெளியாயிற்று. ஆண்மீனின் சேர்க்கையின்றியே தாய் ஈன்ற வேளாக் குட்டிகள் இயற்கையில் வாழ்வதை மரபணு ஆய்வு காட்டியது. துணையைக் காண்பது அரிதாகும் அளவுக்கு எண்ணிக்கை சுருங்கியதன் விளைவாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

இந்தியாவில் 2001இல் வேளா மீன்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்கும் யானைக்கும் உரிய காப்பு அது. பன்னாட்டு வணிகத்துக்கு 2007இல் தடை விதிக்கப்பட்டது. அப்போது விடப்பட்ட ஓர் இனமும் 2013இல் அத்தடைக்குள் வந்தது. ஆயினும் வலையில் தானே சிக்கும் மீனுக்குச் சட்டம் செய்யக்கூடியது குறைவு. வலையைக் கிழித்து மீனை விடுவதா, வாளை அறுத்து வலையைக் காப்பதா என்ற கேள்வி நடுக்கடலில் எழுகிறது. வலை கடன்பட்டு வாங்கியது. வாள் அறுபட்ட மீனோ நீந்திச் சென்றாலும் இரையைக் காணவும் பிடிக்கவும் இயலாமல் நலிந்து மடியும். காப்பின் சுமை முழுவதையும் ஏழை மீனவன் தோளில் வைத்துவிட்டு அவனையே குற்றவாளியாக்குவது அறமாகாது. வலைக்கு ஈடு தந்து மீனை விடுவிக்கச் செய்யும் ஏற்பாடே நீதியானது.

கோடு மட்டும் எஞ்சிய நாடுகள்

கோட்டை வணங்கியோர் தமிழர் மட்டும் அல்லர். மெக்சிகோ நகரில் ஆஸ்டெக் மக்களின் பெருங்கோயிலை அகழ்ந்தபோது, தெய்வத்துக்குப் படைத்த பொருள்களின் நடுவே வேளாவின் வாள்கள் கிடைத்தன. கடலிலிருந்து நெடுந்தொலைவில் மலைசூழ் பீடபூமியில் உள்ள கோயில் அது. மேற்கு ஆப்பிரிக்காவில் அக்கன் மக்கள் பொன் நிறுக்கும் படிக்கற்களை வேளா வடிவில் வார்த்தனர். அவ்வடிவே இன்று அப்பகுதி நாடுகளின் பொதுப் பணமாகிய பிராங்கின் நாணயங்களிலும் தாள்களிலும் வளத்தின் குறியாக விளங்குகிறது. அந்நாடுகளின் கடலில் மீன் ஏறக்குறைய இல்லை. பணத்தில் பொறித்த மீனைக் கண்ணால் கண்ட இளைஞர் அங்கே மிகச் சிலராகவே இருத்தல் கூடும்.

தமிழ்நாட்டின் நிலையும் அதுவே. இங்கே மீன் பணத்தில் இல்லை, பாட்டில் உள்ளது. 1947இல் தொடங்கப்பட்டு நெடுநாள் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த நடுவண் கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் வெளியீடுகளில், ஒரு வேளா கரையேறியதே தனிக் குறிப்பாக எழுதத்தக்க செய்தி ஆகிவிட்டது. மனைதோறும் கோடு இருந்த கரையில், ஒரு கோடு வருவது செய்தியாயிற்று.

ஐந்திணை மரபில் ஒவ்வொரு நிலத்துக்கும் கருப்பொருள் வகுக்கப்பட்டது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, தொழில் ஆகியவை வெறும் அணிகள் அல்ல. உரிப்பொருள் நிற்பதற்கு உரிய தரை. நெய்தற் பாட்டில் வரும் தாழையும் நெய்தலும் புன்னையும் இன்றும் காணக்கூடியவை. சுறவுக் கோடு அவ்வாறன்று. கருப்பொருள் ஒன்று கண்ணெதிரே இல்லாமற் போகும்போது பாட்டு அழிவதில்லை. ஆனால் அதன் பொருள் தேய்கிறது. வணங்கிய பொருள் இன்னதென்று அறியாத வழிபாடும், ஊசலில் கோத்தது இன்னதென்று அறியாத விளையாட்டும் அகராதிச் சொற்களாகச் சுருங்குகின்றன.

இழப்பு இன்னும் முற்றுப்பெறவில்லை. இந்தியக் கடலில் வேளா அடியோடு அற்றுவிட்டது என்று சொல்லத்தக்க நிலை வரவில்லை. கரையோர ஊர்களில் முதிய மீனவர் பலர் அதனை நேரிற் கண்டவர்கள். எந்தக் கழிமுகத்தில், எந்தப் பருவத்தில், எவ்வளவு பெரியதாகக் கண்டனர் என்று சொல்லக்கூடியவர்கள். உலகின் பல நாடுகளில் வேளாவின் பழைய பரவலை ஆய்வாளர் அறிந்தது இத்தகைய முதியோர் நினைவைக் கேட்டே. தமிழில் அப்பணியைச் செய்வதற்கு மீன்நூல் வல்லார் மட்டும் போதாது. சொல்லின் வேறுபாட்டை அறிந்தவரும், பாட்டின் பின்னணியை அறிந்தவரும் வேண்டும். அம்முதியோர் வாய்மொழி எழுத்தில் ஏறினால் மீன்நூலுக்கும் பயன் உண்டு. பட்டினப்பாலை உரைக்கும் பயன் உண்டு. 1889இல் தனித்தனியே நின்ற இரு நூல்களும் அப்போதேனும் ஓரிடத்தில் சேரும்.